உதிரிபாகத் தொழிற்சாலையில் தனித்துத் தெரிவது எப்படி

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, அவர்கள் அளந்துகொண்டிருக்கும் துளை எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். விட்டம் 25 மி.மீ., அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் இருபுறமும் 0.02 மி.மீ. என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நுழைவது பேரிங்கா புஷ்ஷா, அது இறுக்கமாக உட்கார வேண்டுமா வழுக்கிச் சுழல வேண்டுமா, துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் வண்டியில் எங்கே சத்தம் கேட்கும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இதை அவர்களுடைய குறையாக நான் நினைக்கவில்லை. கல்லூரியில் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள், தொழிற்சாலையிலும் முதல் நாளே அளக்கும் கருவியான கேஜையும் அளவை எழுதும் செக் ஷீட்டையும் கொடுத்து லைனில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர் சில ஆண்டுகளில் வாடிக்கையாளர் நிறுவனத்தோடு நேரடியாகப் பேசும் பொறுப்புக்கு உயர்வதையும், மற்றவர் அதே மேசையில் அதே அளவை எழுதிக்கொண்டிருப்பதையும் நீண்ட காலம் பார்த்துவந்தவன் என்ற முறையில், அந்த வேறுபாடு இந்தக் கேள்வியின் அருகில்தான் தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஒரகடம், ஓசூர், கோவை என்று நம் ஊர்களில் பரவியிருக்கும் இந்தத் தொழிலில், ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. முடித்த இளைஞர்கள் ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் சேர்கிறார்கள். பணி முன்னேற்றம் குறித்து அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி கணினி நிறுவன அலுவலகங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. மூன்று ஷிஃப்டில் மாறிமாறி வேலை செய்து, நாள் முழுவதும் நின்றுகொண்டே இருப்பவருக்கு அவற்றில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. எனவே நான் அறிந்த இந்த ஓர் இடத்தை வைத்தே எழுதுகிறேன்.

பாகத்தின் பயனை அறிவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. நீங்கள் செய்யும் பாகத்தின் டிராயிங்கை மட்டும் பார்க்காமல், அது பொருந்தும் அசெம்பிளி டிராயிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், அந்தப் பாகம் எந்த வண்டியில் இருக்கிறதோ அந்த வண்டியைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் விடுமுறை நாளில் அரை மணி நேரம் நின்று, அதைக் கழற்றும்போது பாருங்கள். டிராயிங்கில் வடிவத்தையும் இட அமைவையும் குறிக்கும் ஜி.டி. அண்டு டி. குறியீடுகளை இளைஞர்கள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் குறியீடு ஏன் 'ஏ' என்ற டேட்டம் தளத்தை, அதாவது அளவுக்கு அடிப்படையான தளத்தைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது என்றால், அசெம்பிளியில் அந்தத் தளம்தான் முதலில் போய் உட்காருகிறது என்பதைப் பார்த்து அறிந்தவர் மிகச் சிலரே. அதை அறிந்தவருக்கு பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரில் அதை எங்கே தாங்க வேண்டும், புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் சி.எம்.எம். எந்திரத்தில் எந்தத் தளத்தை முதலில் தொட வேண்டும் என்பதெல்லாம் தானாகவே புரியும். கூட்டத்தில் அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு மேலாளர் தலை நிமிர்ந்து பார்ப்பதும் அதனால்தான்.

அடுத்ததாக, எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எண்ணை எழுதுவது வேறு, படிப்பது வேறு. மேலே சொன்ன துளையையே எடுத்துக்கொள்வோம். எல்லை 24.98 முதல் 25.02 வரை. தொடர்ந்து அளந்து பார்த்ததில் சராசரி 25.008, அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 0.004 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எல்லையின் அகலமான 0.04ஐ, திட்டவிலக்கத்தின் ஆறு மடங்கான 0.024ஆல் வகுத்தால், சிதறல் எல்லைக்குள் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் சி.பி. மதிப்பு 1.67 கிடைக்கும். மேல் எல்லைக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியான 0.012ஐ, திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கான 0.012ஆல் வகுத்தால், மையம் விலகியிருப்பதையும் கணக்கில் கொள்ளும் சி.பி.கே. மதிப்பு 1 மட்டுமே. வாடிக்கையாளர்கள் பொதுவாகக் குறைந்தது 1.33 கேட்பார்கள், முக்கியமான அளவுகளுக்கு, அதிலும் புதிய பாகத்தின் தொடக்கத்தில், 1.67 கேட்பார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: எந்திரம் நன்றாகவே இருக்கிறது, அது தரும் அளவுகள் நெருக்கமாகவே விழுகின்றன, மையம் மட்டும் எட்டு மைக்ரான், அதாவது 0.008 மி.மீ., மேலே தள்ளியிருக்கிறது. புது எந்திரமோ புது டூலோ வேண்டாம். எந்திரத்தில் டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட்டில் எட்டு மைக்ரான் திருத்தினால் போதும் என்று காகிதக் கணக்கு சொல்லும்.

இதோடு நின்றுவிடுபவரும் பாதி வழியில்தான் இருக்கிறார். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நேரே மேலாளரிடம் போகாமல், முதலில், எந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் செட்டரிடம் போக வேண்டும். "அண்ணே, சராசரி எட்டு மைக்ரான் மேல இருக்கே, ஏதாவது காரணம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டால், பல ஆண்டுகளாக அந்த எந்திரத்தோடு வாழ்ந்தவர் சொல்வார்: "தம்பி, இன்செர்ட் தேயத் தேய போர் சின்னதாயிட்டே வரும். அதுக்காகத்தான் கொஞ்சம் மேல வெச்சு ஆரம்பிக்கிறேன்." இன்செர்ட் என்பது வெட்டும் முனை, போர் என்பது துளை. அப்போதுதான் உண்மையான பிரச்சினை கண்ணில் படுகிறது. மையம் தவறுதலாக நகர்ந்துவிடவில்லை. தேய்மானத்துக்கு இடம் விட்டு, தெரிந்தே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பாகத்துக்கு ஒருமுறை எவ்வளவு தேய்கிறது, இடையில் எப்போது ஆஃப்செட் திருத்த வேண்டும், எந்த எண்ணிக்கையில் இன்செர்ட்டை மாற்ற வேண்டும் என்பதாகும். செட்டரின் அனுபவத்தையும் உங்கள் கணக்கையும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டு எந்திரத்தின் அருகே ஒட்டிவிட்டால், இரவு ஷிஃப்டில் புதிதாக வந்த ஆபரேட்டரும் அதே தரத்தில் ஓட்ட முடியும். கணக்கு மட்டும் தெரிந்தவரும் எந்திரம் மட்டும் தெரிந்தவரும் எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. இருவருக்கும் நடுவில் நின்று இருவர் பேச்சையும் புரிந்துகொள்பவர்தான் அரிதானவர்.

அளக்கும் கருவியையே சந்தேகிக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்தது. ஒரே பாகத்தை மூன்று பேர் மீண்டும் மீண்டும் அளக்கும்போது, அளவீட்டு முறையால் மட்டும் ஏற்படும் வேறுபாடு 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏற்கலாம், 30 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பவே கூடாது என்பது இந்தத் தொழிலில் அனைவரும் ஏற்றுக்கொண்ட வரையறை. பல இடங்களில் இந்த ஆய்வை ஆடிட்டுக்கு முந்தைய வாரம் காகிதத்துக்காகச் செய்துவைக்கிறார்கள். உண்மையாகவே ஒருமுறை செய்து பார்ப்பவர், நல்ல பாகங்களைத் தேவையில்லாமல் ஒதுக்கிக்கொண்டிருப்பது கேஜின் குற்றம் என்பதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும் நாளில் ஒரு தொழிற்சாலையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தால், நாளை அங்கே யார் உயர்வார்கள் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். புகார் மின்னஞ்சல் வந்தவுடன் பலருக்கு வேறு அவசர வேலை வந்துவிடும். உற்பத்திப் பிரிவு தரப் பிரிவைக் காட்டும், தரப் பிரிவு டூல் ரூமைக் காட்டும். கடைசியில் யாரோ ஒருவர் கையில் அது திணிக்கப்பட, அவர் இரவோடு இரவாக ஒரு பதில் எழுதி அனுப்புவார். அதில் காரணம் என்ற இடத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்றும், நடவடிக்கை என்ற இடத்தில் 'ஆபரேட்டருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது' என்றும் இருக்கும். வாடிக்கையாளர் நிறுவனத்தில் அதைப் படிப்பவர் இதே இரண்டு வரிகளைப் பல சப்ளையர்களிடமிருந்து பெற்றுச் சலித்தவர். படித்த உடனேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஃபோர்டு நிறுவனம் 1987இல் ஆவணமாக்கிய, பிரச்சினையைத் தீர்ப்பதற்கான எட்டுப் படிநிலை முறையைத்தான் இன்று 8டி என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதன் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் ஏராளம். அதன்படி சிந்திப்பவர்கள் குறைவு. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மரை வெட்டப்படாத துளையோடு ஒரு பாகம் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனுக்குப் போய்விட்டது, போல்ட் ஏறவில்லை, லைன் நின்றுவிட்டது. முதலில் செய்ய வேண்டியது காரணத்தைத் தேடுவது அல்ல, மேலும் ஒரு பாகம்கூட அங்கே போகாமல் தடுப்பது. வாடிக்கையாளர் கிடங்கில் எத்தனை, லாரியில் வழியில் எத்தனை, நம் கிடங்கில் எத்தனை, லைனில் பாதி முடிந்த நிலையில் எத்தனை என்று நான்கு இடத்தையும் எண்ணி, ஆள் அனுப்பிப் பிரித்து, முடிவை ஒரு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேகமும் நேர்மையும் இந்த இடத்தில்தான் வெளிப்படும். வழியில் இருக்கும் சரக்கைச் சொல்லாமல் மறைத்து, அதிலிருந்து இரண்டாவது பாகம் அகப்பட்டுவிட்டால், பிறகு நீங்கள் எழுதும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

பிறகுதான் காரணம். அதிலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: குறை ஏன் உண்டானது, உண்டான குறை ஏன் நம் கண்ணில் படாமல் வெளியே போனது. மரை வெட்டும் கருவியான டேப் நடுவில் உடைந்திருக்கிறது. உடைந்ததை எந்திரம் உணரவில்லை. அடுத்த பாகம் மரையில்லாமலேயே இறங்கியிருக்கிறது. ஏன் உணரவில்லை? டூல் உடைந்ததைக் கண்டறியும் வசதி அந்த எந்திரத்தில் இல்லை. அப்படியானால் டேப் ஏன் உடைந்தது? டேப் போடுவதற்கு முன்பான துரப்பணத் துளையின் ஆழம் குறைவாக இருந்ததால் டேப் அடியில் முட்டியிருக்கிறது. ஆழம் ஏன் குறைந்தது? டிரில்லைத் தீட்டி மாட்டியபின் அதன் நீளத்தைத் திருத்தும் வேலை யாருடைய பட்டியலிலும் எழுதப்படவில்லை. இனி இரண்டாவது கேள்வி. சோதனை ஐந்து பாகத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். ஒரே ஒரு பாகத்தில் நேரும் குறை அதில் சிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். இத்தனையும் தெரிந்தபின் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுத யாருக்கும் மனம் வராது. அடுத்த நிலையத்தில், மரை இல்லாத பாகத்தைத் தடுத்து நிறுத்தும் சோதனை ஒன்றை வைக்கலாம். டிரில் மாற்றும்போது நீளம் பதிவாக வேண்டும் என்று செட்டிங் ஷீட்டைத் திருத்தலாம். அதைவிட முக்கியமாக, இதே போன்ற டேப்பிங் வேறு எத்தனை லைனில் இருக்கிறது என்று தேடி அங்கும் அதைச் செய்து, எங்கே எப்படித் தவறலாம் என்று முன்கூட்டியே பட்டியலிடும் எஃப்.எம்.இ.ஏ.விலும், எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கண்ட்ரோல் பிளானிலும் ஏற்றிவிடலாம்.

யாரும் விரும்பாத இந்த வேலையைத் தானாக முன்வந்து ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடிப்பவர், பல ஆண்டு வழக்கமான வேலையில் கிடைக்காத அளவுக்குத் தொழிற்சாலையை அறிந்துகொள்கிறார். கிடங்கு, லாரி, டூல் ரூம், பராமரிப்பு, வாடிக்கையாளரின் லைன் என்று எல்லா இடத்துக்கும் அவர் போயாக வேண்டும். எல்லாத் துறையிலும் அவரை அறிந்தவர்கள் உருவாகிறார்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் இருப்பவர் அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லியே கேட்பார். என்னோடு வேலை பார்த்த ஓர் இளைஞர், டிப்ளமோ மட்டும் முடித்தவர், கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ஒரு பெரிய புகாரை இப்படி முடித்துக் கொடுத்தார். அதன்பின் புதிய பாகங்களுக்கான குழுவுக்கு ஆள் தேடியபோது மூன்று துறையினரும் அவர் பெயரையே சொன்னார்கள். அவர் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

எழுதத் தெரிவது இங்கே பெரிய பலம். ஆங்கிலம் வராது என்ற அச்சம் நம் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கும் அளவுக்கு வேறெதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை என்று வருத்தத்தோடு சொல்கிறேன். தொழிற்சாலை மின்னஞ்சலுக்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டாம். எந்தப் பாகம், எத்தனை, எந்தத் தேதியில், எங்கே கண்டுபிடிக்கப்பட்டது, இதுவரை என்ன செய்தோம், உங்களிடமிருந்து என்ன தேவை, எப்போதைக்குள் என்ற ஏழு தகவல்களையும் சிறு சிறு வாக்கியங்களில் எழுதினால் அதுவே சிறந்த மின்னஞ்சல். நல்ல மின்னஞ்சல் எழுதும் சீனியர் ஒருவரின் பழைய கடிதங்களை எடுத்து, அவருடைய வாக்கிய அமைப்பை வைத்தே உங்கள் செய்தியை எழுதிப் பழகினால், சில மாதங்களில் தயக்கம் விலகிவிடும். அதே அக்கறையோடு இந்தியும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். இன்று நம் தொழிற்பேட்டைகளில் எந்திரத்தின் முன் நிற்பவர்களில் கணிசமானோர் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு சைகையில் பேசும் சூப்பர்வைசருக்கும், அவர்களுக்குப் புரியும் மொழியில் ஊரையும் வீட்டையும் விசாரித்துவிட்டு வேலையைச் சொல்லும் சூப்பர்வைசருக்கும் லைனில் கிடைக்கும் ஒத்துழைப்பு ஒன்றாக இருக்காது. அவர்கள் மொழியில் ஒரு வேலைக் குறிப்பை எழுதி ஒட்டினால் ரிஜெக்ஷன் குறைவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

செய்த வேலையை மேலே இருப்பவர்களுக்குத் தெரிவிப்பது தற்பெருமை என்று எண்ணி அமைதியாக இருப்பவர்கள் நம்மிடையே அதிகம். வேலை தானே பேசும் என்ற நம்பிக்கை நல்ல மனத்திலிருந்து வருவதுதான். ஆனால் பெரிய தொழிற்சாலையில் அப்ரைசல் எழுதும் மேலாளர் உங்கள் லைனை வாரத்துக்கு ஒருமுறை கடந்து போகிறவராக இருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்? மாதக் கடைசியில் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு வரி எழுதி அனுப்புவதில் தவறே இல்லை. அதைப் பணக் கணக்காக எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. மாதம் 40,000 பாகம் ஓடும் லைனில் ரிஜெக்ஷன் 1.2 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காட்டுக்கு வந்தால், மாதத்துக்கு 280 பாகம் மிச்சம். ஒரு பாகத்தின் செலவு, கழிவாக விற்றால் கிடைக்கும் தொகை போக, 180 ரூபாய் என்றால் மாதம் 50,400 ரூபாய், ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல். 'ரிஜெக்ஷனைக் குறைத்தேன்' என்று எழுதுவதைவிட இந்தக் கணக்கு அதிக தூரம் போகும். நிதித் துறையினருக்கும் அது புரியும். அந்தப் பக்கத்தில் உங்களோடு உழைத்த செட்டரின் பெயரையும் ஆபரேட்டரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். 8டி முறையின் எட்டாவது படியே குழுவைப் பாராட்டுவதுதான். பெயரை விட்டுவிட்டால், அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது "தம்பி" என்று அழைத்து உண்மையைச் சொல்ல அந்த எந்திரத்தின் அருகே யாரும் இருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகள் இந்த வகை உழைப்புக்குப் புதியவை அல்ல. சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றபோது, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாக அது இருந்தது, 2002இல் டி.வி.எஸ். மோட்டார், 2003இல் ரானே பிரேக் லைனிங் என்று தொடர்ந்தது. அத்தகைய பரிசுகளுக்குப் பின்னால், லைனில் வேலை செய்பவர்களே சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் பிரச்சினையை ஆராய்ந்து தீர்க்கும் குவாலிட்டி சர்க்கிள் முறைக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் கட்டாயம் சேருங்கள். மேடையில் ஏறி, வரைபடத்தைக் காட்டி, நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பயிற்சி நம்மில் பலருக்குக் கல்லூரியில் கிடைக்காதது. இங்கே சம்பளத்தோடு கிடைக்கிறது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. டிப்ளமோவோடு சேர்ந்தவர்களுக்குச் சில நிறுவனங்களில் ஒரு நிலைக்கு மேல் பட்டம் இல்லாமல் போக முடியாது என்பது உண்மை. வேலையை விட முடிந்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். விட முடியாதவர்களுக்குக் கோவை போன்ற ஊர்களில் பொறியியல் கல்லூரிகளே நடத்தும் பகுதிநேரப் பி.இ. வகுப்புகள் உண்டு. அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் தருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம். அப்படிப்பட்ட படிப்பை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே கேட்கலாம், தேர்வு எழுதுவதற்குத்தான் கட்டணம். என்னைக் கேட்டால், சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட, உங்கள் தொழிற்சாலை பின்பற்றும், வாகனத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையில் உள் தணிக்கையாளர் பயிற்சியை முடித்துவிட்டு உண்மையாகவே மற்றத் துறைகளைத் தணிக்கை செய்யப் போவது அதிகம் கற்றுத்தரும். புதிய ஆவணங்களைப் பிறருக்கு முன்பே படித்துவைப்பதும் பயன் தரும். அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து 2019இல் எஃப்.எம்.இ.ஏ. கையேட்டை மாற்றி எழுதி, தீவிரம், நேரும் வாய்ப்பு, கண்டறியும் வாய்ப்பு ஆகியவற்றுக்கான மூன்று எண்களைப் பெருக்கிப் பார்க்கும் பழைய முறையைக் கைவிட்டபோது, அதை முதலில் உட்கார்ந்து படித்தவர்களைத் தேடியே மற்றவர்கள் வர வேண்டியிருந்தது.

இதோடு, நீங்கள் செய்யும் பாகம் எந்த வண்டிக்குப் போகிறது, அந்த வண்டியின் எதிர்காலம் என்ன என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதிமுறை வந்தபோது இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் போய் எரிபொருள் தெளிப்பான் வந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலை மறு ஆண்டில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இப்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. பிஸ்டன், வால்வு, கனெக்டிங் ராடு ஆகியவற்றுக்கு மின்சார வண்டியில் இடமில்லை. மோட்டார் ஷாஃப்ட், அலுமினிய ஹவுசிங், கியர், பிரேக் பாகங்கள், சஸ்பென்ஷன் பாகங்கள் ஆகியவை அங்கும் வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் இந்த வகைப் புதிய லைன் போடுகிறார்கள் என்று தெரிந்தால், பழகிய இடத்தின் வசதியை விட்டுவிட்டு அங்கே போகக் கேளுங்கள். தொடக்கத்தில் வேலை கடினமாக இருக்கும், நேரமும் கூடும். ஆனால் ஓர் எந்திரம் வந்து இறங்கி, நிறுவப்பட்டு, முதல் பாகம் வந்து, வாடிக்கையாளர் ஒப்புதலான பி.பி.ஏ.பி. கிடைக்கும் வரை கூடவே இருந்தவர் என்பது எந்த நேர்காணலிலும் மதிக்கப்படும் அனுபவம்.

அந்தப் புதிய லைனுக்கு உங்களை விடுவிக்க மேலாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், நீங்கள் இல்லாமலும் பழைய லைன் ஓட வேண்டும். தான் மட்டுமே அறிந்த ரகசியத்தால் தன் இடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்து, ஜூனியருக்கு எதையும் சொல்லித்தராமல் இருப்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்கள் இடம் உண்மையிலேயே பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. அவர்களால் அந்த இடத்தை விட்டு நகரவும் முடிவதில்லை. "இவரை எடுத்தா லைன் நின்னுடும்" என்று சொல்லியே பதவி உயர்வைத் தள்ளிப்போடும் மேலாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எனவே முதல் ஆண்டிலிருந்தே, நீங்கள் தீர்த்த ஒவ்வொரு பிரச்சினையையும் படத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி, ஜூனியரை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து காட்டுங்கள். அடுத்த முறை அவரைச் செய்யவிட்டு நீங்கள் பாருங்கள். அந்தப் பக்கங்கள் பயிற்சிக் கோப்பில் உங்கள் பெயரோடு இருக்கும்.

நிறுவனம் மாற நேர்ந்தால் அந்தப் பக்கங்களை எடுத்துச் செல்லக் கூடாது. வாடிக்கையாளரின் பெயர் போட்ட டிராயிங்கையோ உள் ஆவணத்தையோ கைப்பேசியில் படமெடுத்து நேர்காணலில் காட்டுபவரை நான் வேலைக்கு எடுப்பதில்லை. நாளை எங்கள் டிராயிங்கும் அப்படித்தானே வெளியே போகும்? உங்களோடு வர வேண்டியது, வீட்டில் சொந்த நோட்டுப் புத்தகத்தில் பெயர்களும் அளவுகளும் இல்லாமல் நீங்கள் எழுதிவைத்த சிந்தனை வரிசை: பிரச்சினை என்ன, முதலில் எதைச் சந்தேகித்தோம், எது அதைப் பொய்யாக்கியது, கடைசியில் எதை மாற்றினோம், அது நிலைத்தது என்று எப்படி உறுதி செய்தோம். நேர்காணலுக்கு முந்தைய இரவு இரண்டு பிரச்சினைகளை மட்டும் எடுத்து, ஒரு காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வரைந்து விளக்கிப் பழகுங்கள். மற்றவை நடைமுறை. விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி முடியும் முன் எடுத்தால் அதற்கு வரி உண்டு. ஓய்வூதியத் தகுதிக்கு மொத்தம் பத்து ஆண்டுப் பணிக் கணக்கு வேண்டும். இருபத்து மூன்று வயதில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.